சர்க்கரை டப்பாவின் இடம்

தோளில் ஒரு குடம். கையில் ஒரு குடம். கதவைக் காலால் தள்ளினேன்.

என் மனைவி பத்மா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்த அன்னக்கூடை பக்கத்தில். சுற்றிலும் டப்பாக்கள். எல்லாமே மூடி திறந்து கிடந்தன. அவள் ஒரு டப்பாவுக்குள் விரலை விட்டாள். எடுத்து நாக்கில் வைத்தாள். அதைத் தள்ளிவிட்டு அடுத்த டப்பாவைத் தடவித் தேடினாள். கை உதறிக்கொண்டிருந்தது.

உதட்டில் நுரை இருந்தது. வலிப்பு என்று நினைத்தேன். கிட்டப் போனதும் வாசனை வந்தது. சோப்புத்தூள்.

“பத்மா. இன்னாமே பண்ற?”

ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்கழி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. அந்தக் குளிரில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சர்க்கரை டப்பா ஃப்ரிட்ஜின் தலையில் இருந்தது. விடிகாலையில் டீ போட்டுவிட்டு நான்தான் அங்கே வைத்தேன். அவள் எழுந்து நின்று கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். ஆனால் அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பத்மாவுக்குக் கண் தெரியாது.

முதலில் நிழல்

சுகர்தான். பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள். கண் முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு நிழல் விழுகிறது என்றாள். நான் அப்போது வண்டி ஓட்டப் போயிருந்தேன். வந்ததும் போகலாம் என்றேன். வந்ததும் மறந்தேன்.

ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். லேசர் வைத்தார்கள். இப்போது வெளிச்சம், இருட்டு இரண்டும் தெரியும். ஆள் தெரியாது.

மாத்திரையோடு ஊசியும் வந்தது. காலை ஏழு மணிக்கு ஒன்று. ராத்திரி ஏழரைக்கு ஒன்று. போட்டு அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை கீழே இறங்கிவிடும். ஏறுவது மெதுவாகக் கொல்லும், இறங்குவது காத்திருக்காது என்று அங்கே இருந்த நர்ஸ் அம்மா எனக்கு மூன்று தடவை சொன்னார். இறங்கினால் உடனே வாயில் சர்க்கரை போடச் சொன்னார். பத்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அதனால்தான் அன்றைக்குத் தேடினாள்.

ஊசி போட்டது ஏழு மணிக்கு. நான் குடத்தோடு உள்ளே வந்தபோது எட்டேகால்.

அவ்வளவு நேரம் நான் தண்ணி லாரி லைனில் இருந்தேன்.

லைன்

லைனைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன். இருபத்தேழு வருடம். துறைமுகத்துக்குள் போக வேண்டிய வண்டிகள் எண்ணூர் ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். அதுதான் லைன். ஒரு நாள் நிற்கும். மூன்று நாளும் நின்றிருக்கிறது.

லைனில் மணி கிடையாது. முன் வண்டி நகர்ந்தால் வேலை. நகராவிட்டால் தூக்கம். வண்டி ஓரமாக ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவோம். பாதி வேகும்போது முன் வண்டி நகரும். பானை, வெங்காயம், கத்தி, காயப்போட்ட லுங்கி எல்லாவற்றையும் அள்ளிக் கேபினுக்குள் போட்டு வண்டியை எடுக்க வேண்டும். பத்தடி இடைவெளி விட்டால் எவனாவது மூக்கை நுழைப்பான். நுழைந்தால் நம் இடம் போச்சு. கடைசிக்குப் போக வேண்டும்.

தாஸ் என்று ஒரு கூட்டாளி. அவன் கேபினில் எப்போதும் ஒரு காலி பாட்டில் இருக்கும். எதற்கு என்று புதிதாக வந்த ஒருத்தன் கேட்டான். “ஒண்ணுக்கு வந்தா பாட்டில் கீது மாமு. லைன் போனா இன்னா கீது?” என்றான் தாஸ். எல்லாரும் சிரித்தோம். எல்லார் கேபினிலும் பாட்டில் இருந்தது.

அங்கே எனக்கு இரண்டு பழக்கம் வந்தது. கைக்கு வந்ததை அள்ளிப் போடுவது ஒன்று. எது நடந்தாலும் லைனை விடாமல் நிற்பது இன்னொன்று. இரண்டும் எலும்பில் ஏறிவிட்டன.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். சட்டை ஒரு மூலை, சாவி ஒரு மூலை. பின்னாலேயே பத்மா எடுத்து வைப்பாள். எங்கே வைத்தாள் என்று நான் பார்த்ததில்லை. “என் சாவி எங்கமே?” என்று கத்துவேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமல் சொல்வாள். “டிவியாண்ட ஆணில மாட்டிக்கினு கீது பாரு.” இருக்கும்.

நான் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் பத்து நிமிஷத்தில் தட்டில் சோறு இருக்கும். எப்படி என்று யோசித்ததில்லை.

முதுகு போனது. வண்டியை விட்டேன். அதே வருடம் அவள் கண் போனது. வீடு என் கைக்கு வந்தது.

பார்க்கச் சுத்தம்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்தால் கரித்தூள் வரும். மூடினால் வேர்க்கும். காலையில் துடைத்த இடத்தில் சாயங்காலம் விரல் வைத்தால் விரல் கறுக்கும். பத்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தவள். நான் ஒரு தடவை துடைத்தேன். அதுவும் தோன்றினால்.

எங்களுக்கு ஒரே மகள். கலா. கட்டிக்கொடுத்த இடம் மாத்தூர். பத்து நாளைக்கு ஒரு தடவை வந்து பார்ப்பாள். வந்ததும் மூக்கைச் சுளிப்பாள்.

“இன்னா நைனா இது, லாரி ஷெட்டு மாதிரி கீது. ஒரே கலீஜ். கண்ணு தெரியாதவங்க இதுல எப்டி இருப்பாங்க? நான் அம்மாவ கூட்டிகினு போறேன்.”

பத்மா போகமாட்டேன் என்பாள்.

“அங்க வந்தா நான் விருந்தாளிடி. சேர்ல குந்த வெச்சிருவ. தண்ணி வோணும்னாகூட யாரையாவது கூப்புடணும். இங்க எனக்கு வழி தெரியும்.”

அது உண்மை. கண் போன பிறகும் அவள் ரசம் வைத்தாள். முப்பது வருடமாக அதே அடுப்பு மேடை. அடுப்புக்கு இடது கைப்பக்கம் சர்க்கரை, அடுத்தது டீத்தூள், அதற்கு அடுத்தது உப்பு. கை தானாகப் போகும். நான் எதையும் நகர்த்தாதவரை.

அவள் சர்க்கரை தேடிய நாளுக்கு முந்தின நாள் கலா வருவதாகப் போன் செய்தாள். இந்தத் தடவை அவளிடம் பேச்சு வாங்கக் கூடாது என்று இருந்தேன். மேடையில் இருந்த டப்பா, பாட்டில், கரண்டி எல்லாவற்றையும் பெரிய அன்னக்கூடையில் அள்ளினேன். கூடையைச் சமையல்கட்டுப் பக்கமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பாத்திரம் கழுவும் தொட்டிமேல் இருந்த சோப்புத்தூள் டப்பாவும் அதில்தான் போனது. மேடையைக் கழுவினேன். கல் பளபள என்று இருந்தது.

கலா வந்தாள். பார்த்தாள்.

“பரவால்லியே நைனா. வூடு ஸோக்கா கீது.”

எனக்குச் சந்தோஷம். பத்மா எழுந்து போய் மேடைமேல் கையை ஓட்டினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒன்றும் தட்டுப்படவில்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

மறுநாள் டீக்காகச் சர்க்கரையையும் டீத்தூளையும் மட்டும் கூடையிலிருந்து எடுத்தேன். போட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். ஏழு மணிக்கு ஊசி போட்டேன். வீட்டில் மாவு இல்லை. தெருமுனைக் கடையில் இட்லி வாங்கலாம் என்று செருப்பை மாட்டினேன். தண்ணி லாரி ஹார்ன் அடித்தது. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்து நிமிஷம் என்று கணக்கு.

லாரியில் வால்வு தகராறு. தண்ணீர் நூல் மாதிரி வந்தது. லைன் நகரவில்லை.

எங்கள் தெருவில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் எடுத்துத் தள்ளி வைக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு ராணி அதைச் சொல்லவும் சொன்னாள்.

“அண்ணே, நீ வூட்டுக்குப் போ. அண்ணி தனியா கீது. கொடத்த நான் பாத்துக்கறேன்.”

“இரும்மா. நகரும்” என்றேன்.

எனக்கு முன்னால் ஆறு குடம் இருந்தது. கால் வரவில்லை. ஊசி ஞாபகம் இல்லை. இட்லி ஞாபகம் இல்லை. முன்னால் இருந்த பச்சைக் குடம் மட்டும்தான் தெரிந்தது. அது நகர்ந்தால் நான் நகர வேண்டும். இதற்கு மேல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தண்ணி புடிச்சியா

அவள் வாயில் சர்க்கரையை வைத்தேன். சப்பினாள். இன்னும் கொஞ்சம் வைத்தேன். சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். துண்டை நனைத்து உதட்டைத் துடைத்தேன். விரல் நுனியில் மிளகாய்த்தூள் இருந்தது. அதையும் நாக்கில் வைத்திருக்கிறாள். காரம் என்று அவளுக்குத் தெரிந்ததா, தெரியாது.

கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“தண்ணி புடிச்சியா?”

“ரெண்டு கொடம்.”

“இம்மா நேரத்துக்கு ரெண்டுதானா?”

துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தேன்.

ராணி அவள் வீட்டு இட்லியைக் கொண்டுவந்தாள். பத்மா மூன்று தின்றாள். கலாவுக்குப் போன் போட்டதும் ராணிதான். நான் போட்டிருக்கமாட்டேன்.

கலா மதியம் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினாள்.

“கெளம்பும்மா.”

“எங்க?”

“எங்கன்னு தெரியாதா? நைனாவால ஆவாதும்மா. அவர் மேல தப்புன்னு சொல்லல. அவரால ஆவாது. அவ்ளோதான்.”

“நேத்து ஸோக்கா கீதுன்னு சொன்னியே. அந்த வூடுதான்டி இது” என்றாள் பத்மா.

கலாவின் கை நின்றது. அன்னக்கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் அப்போதுதான்.

“பொங்கல் வரைக்கும் வுடு” என்றாள் பத்மா. “அதுக்குள்ள இந்த ஆளு சரிப்பட்டு வரலன்னா நானே பொடவைய மடிச்சி வெக்கிறேன். நீ வந்து கூட்டிகினு போ. ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

“நைனா, நீ இன்னா சொல்ற?”

“பாக்கறேன்” என்றேன்.

புடவைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நான் ஒவ்வொன்றாகப் பீரோவில் வைத்தேன். அள்ளி வைக்கவில்லை.

“டப்பாலாம் எங்கன்னு நேத்தே கேட்டிருக்கலாம்ல” என்றேன்.

“நீ ஆசையா தொடச்ச. இன்னான்னு கேக்கறது?”

அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

வளையம்

அடுத்த நாள் தெரிந்த பஞ்சர் கடைக்குப் போனேன். கிழிந்த லாரி டியூப் ஒன்றும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் வாங்கி வந்தேன். டியூபை விரல் அகலத்துக்கு வார் வாராக வெட்டினேன். ஒவ்வொரு டப்பாவையும் சுற்றி அளந்து, மேடைக் கல்லில் வட்டமாக ஒட்டுவது என்று யோசனை. டப்பா அந்த வளையத்துக்குள் உட்காரும். எடுத்தாலும் வளையம் இருக்கும். கைக்குத் தெரியும்.

முதலில் ஒட்டியது சாயங்காலமே பெயர்ந்து வந்தது. அடியில் கரி. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டினேன். நின்றது.

இடத்தை அவள் சொன்னாள். நான் வைத்தேன். அவளுக்கு அதில் விளையாட்டும் வந்துவிட்டது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று கத்துவான் அல்லவா, அதே மாதிரி கத்தினாள்.

“வா, வா, வா. லெப்ட்ல ஒடி. இன்னும் ஒரு வெரக்கட. வா. ஸ்டாப், ஸ்டாப்! இட்ச்சிட்ட போ.”

“கிளீனர் சரியில்ல” என்றேன்.

“டிரைவர் குடிச்சிருக்கான்” என்றாள்.

சர்க்கரைக்கு மட்டும் இரண்டு வார் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டச் சொன்னாள். கை உதறினாலும் தெரிய வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது விளையாட்டு இல்லை.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அவள் சொன்ன வரிசையில் டப்பாக்களை வைத்தால் குழம்புக்கு வேண்டியது எல்லாம் ஒரே பக்கமாக, கை போகிற வழியில் வருகிறது. எண்ணெய், கடுகு, பருப்பு, தூள், உப்பு. திரும்ப வேண்டாம். குனிய வேண்டாம். பத்து நிமிஷத்தில் சோறு வந்தது இப்படித்தான். முப்பது வருடம் சாப்பிட்டவன் நான்.

மேடை முடிந்ததும் மற்றவை. நாற்காலி சுவரோடு. பக்கெட் தொட்டிக்கு அடியில், பிடி உள்பக்கமாக. சோப்புத்தூள் சமையல்கட்டைத் தாண்டிக் கக்கூஸ் பக்கம், ஆணியில் தொங்கும் பையில். செருப்பு வாசலுக்கு வெளியே.

ஒரே நாளில் பழக்கம் வந்துவிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு டிவி பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். அவள் முழங்காலில் இடித்துக்கொண்டாள். தேய்த்துக்கொண்டு போனாள். செருப்பை உள்ளே கழற்றிப் போட்டேன். தடுக்கிச் சுவரைப் பிடித்தாள்.

“யோவ் டிரைவரே, உன் வண்டி லைன்ல நிக்கல” என்றாள்.

எழுந்து எடுத்து வைத்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருப்பதுதான் இதில் கஷ்டம். முதுகு கேட்கும், நாளைக்கு வைத்தால் என்ன என்று.

மணி

ஊசி நேரத்துக்கு ராணி என் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். அலாரம் அடித்தால் என் கை தானாக அதை அணைத்தது. லைனில் நாள் முழுக்க ஹார்ன் சத்தத்தில் தூங்கிப் பழகியவன் நான்.

எழுப்பியது பத்மாதான். அவளுக்குக் கடிகாரம் வேண்டாம். கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தால் ஐந்தரை. பால் வண்டி போனால் ஆறு. ரயில் ஒன்று தடதட என்று போகும், அது ஆறரை. பள்ளிக்கூட மணிதான் அவளுக்கு நாள் முழுக்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானத்தைத் தவறவிடுவாள். நான் போனைப் பார்த்துச் சரிபார்ப்பேன். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும்.

ஊசிக்கு நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். வண்டியில் கண்டெய்னர் ஏற்றினால் நாலு மூலைக்கும் லாக் விழ வேண்டும். விழுந்ததா என்று நாலையும் கையால் தட்டிப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வண்டி எடுத்ததில்லை. அள்ளிப் போடுகிறவனுக்கும் அந்த ஒரு ஒழுங்கு இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இட்லி வெந்து தட்டில் இருக்கிறதா. தண்ணீர்ச் சொம்பு இருக்கிறதா. சர்க்கரை வளையத்தில் இருக்கிறதா. என் செருப்பு வெளியே இருக்கிறதா. நாலையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊசி. ஊசி போட்டால் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாசல் தாண்டக் கூடாது. லாரி வந்தால் ராணி என் குடத்தையும் சேர்த்து வைப்பாள்.

இதையெல்லாம் படிக்கிறவர்கள் ஆள் திருந்திவிட்டான் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. எனக்குச் சலிப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஒரு தடவை ஒழுங்காக வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடிவதில்லை. துடைத்தால் மறுபடி கரி விழும். டப்பாவை எடுத்து, துடைத்து, அதே வளையத்தில் வைக்க வேண்டும். மறுநாளும் அதுதான். அவள் தூங்கும்போதும் ஒரு காது விழித்திருக்கும். பகலில் கண்ணை மூடி எத்தனை நாள் ஆனது என்று தெரியாது. லைனில் மூன்று நாள் நின்றாலும் கடைசியில் கேட் வரும். சீட்டைக் காட்டி உள்ளே போய் இறக்கிவிட்டு வரலாம். இதற்குக் கேட் கிடையாது.

ஒரு நாள் பால் வாங்கப் போனபோது ரோட்டில் டிரெய்லர்கள் நின்றிருந்தன. ஒரு டிரைவர் சக்கரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாக இருந்தது. பால் பாக்கெட்டின் குளிர் போவதற்குள் வந்துவிட்டேன்.

காலிப் பை

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். கலா சொல்லாமல் வந்தாள். நான் இட்லியைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். கையில் பெரிய பை வைத்திருந்தாள். ஜிப் வைத்த பை. உள்ளே ஒன்றும் இல்லை, மடிந்து தொங்கியது. எதற்கு அந்தப் பை என்று நான் கேட்கவில்லை.

“வா” என்றேன்.

“வந்துட்டியாடி” என்றாள் பத்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவளுக்கும் நாள் கணக்குத் தெரியும்.

கலா பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நாலையும் தொட்டேன். மணி ஏழு. ஊசி போட்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது லாரி ஹார்ன் கேட்டது.

ராணி ஊரில் இல்லை. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. எங்கள் டிரம்மில் கால்வாசிதான் தண்ணீர் இருந்தது. முந்தின நாள் லாரி வரவில்லை. இன்றைக்கு விட்டால் எப்போது என்று தெரியாது.

தெருவில் குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ “தள்ளிப் போடாத, நான்தான் மொதல்ல” என்று கத்தினார்கள். என் கால் வாசல்வரை போனது. பொய் சொல்லவில்லை. போனது. குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டேன்.

பத்மா தட்டைத் தேடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலுக்கு வெளியே செருப்பு இருந்தது. அதைப் பார்த்தேன். குடத்தை வைத்தேன். வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“நைனா, லாரி வந்துகீது” என்றாள் கலா.

“வரட்டும்.”

“தண்ணி?”

“ஊசி போட்டாச்சி. அம்மா இன்னும் துன்னல.”

கலா என்னையே பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு எங்கள் லைன் பழக்கம் இல்லை. பின்னால் நின்றிருப்பாள். பத்மா மெதுவாக நாலு இட்லி தின்றாள். சட்னி காரம் என்றாள். நான் ஏழே முக்கால் வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

கலா அரைக் குடத்தோடு வந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

“அவ்ளோதான் கெட்சிது. காலியாய்ட்ச்சி. ஒரு பொம்பள இன்னா இடி இடிக்கிறா!”

“அது பச்சக் கொடமா?” என்று கேட்டேன்.

“ஆமா.”

பத்மா சிரித்தாள்.

கலா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். டம்ளரைத் தொட்டி ஓரத்தில் வைத்தாள். நான் எழுந்து போய் அதை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை போனது. கலா மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வளையங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். இரண்டு வார் ஒட்டிய வளையத்தில் விரல் நின்றது. எதற்கு இது மட்டும் தடிமன் என்று கேட்கவில்லை.

பிறகு கட்டிலிலிருந்த விரிப்பை உருவினாள். தலையணை உறைகளைக் கழற்றினாள். என் லுங்கி இரண்டு, பத்மாவின் புடவை ஒன்று, போர்வை. எல்லாம் கரி பிடித்து நாள் கணக்கில் கிடந்தவை. எல்லாவற்றையும் பையில் திணித்தாள்.

“தண்ணி இல்லாம நீ எங்க தொவைக்கப் போற? மெஷின்ல போட்டு அடுத்த வாரம் எடுத்துகினு வரேன்.”

“பொடவைய எண்ணிக்கோ. ஒண்ணுதான்” என்றாள் பத்மா.

“ஒண்ணுதாம்மா” என்றாள் கலா. ஜிப் ஏறவில்லை. முட்டியால் அழுத்தி மூடினாள். “நைனா, கொஞ்சம் படு. மூஞ்சியப் பாரு, பேஜாரா கீற.”

போய்விட்டாள்.

விரிப்பில்லாத கட்டில்

படுத்தேன். சும்மா முதுகை நீட்டலாம் என்றுதான். எப்போது கண் சொருகியது என்று தெரியவில்லை.

ஏதோ சத்தம். டப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டப். ரப்பரில் தகரம் உட்காரும் சத்தம்.

பதறி எழுந்தேன். போனைத் தேடிக் கை கட்டிலில் அலைந்தது.

“பத்மா. இன்னாமே பண்ற?”

அவள் மேடை முன் நின்றிருந்தாள். கையில் துணி. ஒரு டப்பாவை எடுத்தாள். அடியைத் துடைத்தாள். வளையத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தாள். டப்பாவை வைத்தாள். டப். கழுவிய தட்டுகள் கவிழ்ந்திருந்தன. நாற்காலி சுவரோடு இருந்தது.

“அர பக்கெட்டுதான் செலவாச்சி. பயப்படாத” என்றாள்.

“மணி இன்னா?”

“பள்ளிக்கூடத்துல இப்பதான் இன்ட்ரோல் வுட்டாங்க. பதினொன்னு.” திரும்பவில்லை. துணியை மடித்து ஆணியில் மாட்டினாள். “ஒரு மணிக்குத்தான் எனக்குச் சோறு. அதுவரைக்கும் உனக்கு வேல இல்ல. தூங்கு. நான் எழுப்பறேன்.”

போனைத் தேடிய கையை எடுத்துக்கொண்டேன். தூங்கினேன்.